ஆறாம் மாதம், 31 கிலோ லாப்ரடார், கையைக் கவ்வும் பழக்கம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பிரவுனி அம்மா | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு இப்போது 24 வாரம், தலைப்பிரசவம். சென்னையில் இரண்டாவது மாடி வீடு. நான், கணவர், மாமியார், பிரவுனி. பிரவுனி ஆண் லாப்ரடார், ஒன்றேகால் வயது, போன மாதம் எடை போட்டபோது 31 கிலோ.

அவன் யாரையும் கடித்ததில்லை, உறுமியதும் இல்லை. ஆனால் சந்தோஷம் வந்தால் வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிவதற்குள் என் இடது மணிக்கட்டு அவன் வாய்க்குள் போயிருக்கும். அழுத்த மாட்டான். பிடித்துக்கொண்டே உடம்பு முழுக்க ஆடி, என்னை ஹாலுக்குள் இழுத்துக்கொண்டு போவான். வால் அடிக்கிற வேகத்தில் செருப்பு ஸ்டாண்டே ஆடும். கையை உருவினால் முழங்கை. முழங்கையைத் தூக்கினால் துப்பட்டா. துப்பட்டா இல்லாத நாளில் நைட்டியின் ஓரம்.

முன்பெல்லாம் இது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. குட்டியாக இருந்தபோது நாங்கள்தான் கையை வாயில் கொடுத்து விளையாடினோம். இப்போது வயிறு முன்னால் வந்துவிட்டது. குனிந்து நிமிர்வதே சிரமம். அவன் ஒரு எம்பு எம்பினால் முன்னங்கால் சரியாக வயிற்றுக்கு வருகிறது. வியாழக்கிழமை பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்தேன், பல் உரசி மணிக்கட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. ரத்தம் வரவில்லை, மேல்தோல் மட்டும் வெள்ளையாக உரிந்திருக்கிறது.

கத்திப் பார்த்தோம். வாயை மூடிப் பிடித்துப் பார்த்தோம். செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் இன்னும் அதிகமாகக் குதிக்கிறான். கணவர் இரவில் அவனோடு தரையில் புரண்டு மல்லுக்கட்டுகிறார். மாமியார், செங்கல்பட்டுப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று தினமும் சொல்கிறார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். அது எனக்குப் புரிகிறது, அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

குழந்தை வருவதற்குள் இதை மாற்ற முடியுமா? மூன்றரை மாதம் இருக்கிறது.

---

கோவைக்காரி | ஞாயிறு, இரவு 9.50

பழக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் தங்கச்சி, முதலில் அந்தக் கோடு. நாய்க்கடியை மருத்துவமனையில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காயமில்லாத தோலை நக்கினால் முதல் வகை, அதற்கு ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், துணி மூடாத தோலில் லேசான கடி என்றால் இரண்டாம் வகை, தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை, தடுப்பூசியோடு, உடனடியாக எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேரும். நீ சொல்வது இரண்டாவதுபோலத் தெரிகிறது. அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான், நானும் நீயும் அல்ல. நாளைக் காலையிலேயே போ.

பட்ட உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இனிமேல் எப்போது பல் பட்டாலும் அதுதான் முதல் வேலை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது.

கர்ப்பமாக இருக்கும்போது ஊசி போடலாமா என்று தயங்காதே. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கர்ப்பிணிக்குப் போடலாம், தவிர்க்க வேண்டியதில்லை. தவிர்த்து நோய் வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகவே போடுகிறார்கள். பிரவுனியின் தடுப்பூசிக் கார்டையும் உன்னுடைய தாய் சேய் நலக் கார்டையும் கையோடு எடுத்துப் போ. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று அதில்தான் பார்ப்பார்கள்.

---

பிரவுனி அம்மா | திங்கள், பிற்பகல் 2.15

அக்கா, காலையில் போய்விட்டேன். கார்டைப் பார்த்தார்கள். வருடாந்திர ஊசி போன ஆகஸ்டில் போட்டிருக்கிறோம், தேதி சரியாக இருந்தது. இருந்தாலும் கர்ப்பிணி என்பதால் விடவேண்டாம் என்று எனக்கும் ஊசி போட்டார்கள். தோலுக்குள் போடுகிற முறை, இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. அடுத்தது 3, 7, 28ஆம் நாள். டெட்டனஸ் ஏற்கனவே இரண்டு தவணை முடிந்திருப்பதால் வேண்டாம் என்றார்கள். வீட்டு நாய்தானே என்று நான்கு நாள் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அதட்டிச் சொல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

---

மூன்று நாய் வீடு | திங்கள், இரவு 8.40

ஊசி போட்டது நல்லது. இனி பிரவுனிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடமாக லாப்ரடாரும் நாட்டு நாயும் வளர்க்கிறேன். என் மனைவி இரண்டு முறை உண்டானபோதும் வீட்டில் நாய் இருந்தது.

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு இருந்த நாய்கள். வலையிலிருந்து நழுவும் மீனையும், தண்ணீரில் மிதக்கும் கயிற்றையும் வாயில் கவ்விக் கொண்டுவருவதுதான் வேலை. பிறகு இங்கிலாந்தில் சுட்ட வாத்தை நசுங்காமல் எடுத்துவரப் பழக்கினார்கள். அந்த ரத்தம் பிரவுனிக்குள் இருக்கிறது. சந்தோஷம் வந்தால் வாயில் ஏதாவது வேண்டும் அவனுக்கு. உங்கள் கை கிடைக்கிறது, கையைப் பிடிக்கிறான். இது பகை இல்லை, செல்லக்கடி. ஆனால் செல்லக்கடியும் பல்தான். பிறந்த குழந்தையின் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் மாற்றியே ஆக வேண்டும், மூன்றரை மாதம் போதும்.

அவன் வாயை மூடவைக்கப் பார்க்காதீர்கள். வாய்க்கு வேறு வேலை கொடுங்கள்.

நாளையிலிருந்து வாசலை மாற்றுங்கள். கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்து, தடித்த கயிற்றுப் பொம்மை ஒன்றைத் தொங்கவிடுங்கள். நீங்கள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். மாமியார் பிரவுனியை ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு தடுப்புக்குப் பின்னால் விடட்டும். தச்சரிடம் சொன்னால் மூன்றடி உயரத்தில் அரைக்கதவு செய்து தருவார், குழந்தை தவழும்போதும் அதே கதவு உதவும். நீங்கள் உள்ளே வந்து, பையை வைத்து, கை கால் கழுவி, நாற்காலியில் உட்காருங்கள். அதுவரை அவனைப் பார்க்கவும் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். அவன் நான்கு காலும் தரையில் இருக்கும்போது தடுப்பைத் திறக்கச் சொல்லி, திறந்த நொடியிலேயே ஒரு கைப்பிடி உணவைத் தரையில் பரவலாக வீசுங்கள். மூக்கு கீழே போகும். மூக்கு கீழே இருக்கும் நாய் எம்ப முடியாது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தின்று முடிப்பதற்குள் முதல் வேகம் பாதி இறங்கியிருக்கும். அப்புறம் கயிற்றுப் பொம்மையை நீட்டுங்கள். வாயில் அதை வைத்துக்கொண்டு அவன் ஊர்வலம் போகட்டும், நீங்கள் முதுகைத் தடவுங்கள்.

இவ்வளவையும் மீறிப் பல் பட்டால் இழுக்காதீர்கள். இழுக்கிற கை ஓடுகிற முயல் மாதிரி, துரத்தத்தான் தோன்றும். கையைத் துவளவிட்டு அசையாமல் நில்லுங்கள். அவன் விட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது முப்பது நொடி போதும். திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல இருங்கள். பல் பட்டதற்கும் நீங்கள் போனதற்கும் நடுவில் இரண்டு நொடிக்கு மேல் ஆனால் அவனுக்குக் கணக்குப் புரியாது. அவனைத் தள்ளிக்கொண்டு போய் அறையில் அடைப்பது வேண்டாம், இந்த நேரத்தில் உங்களுக்கு அந்த இழுபறி ஆகாது. நீங்கள் நகர்வதுதான் சுலபம்.

இதோடு ஒரு நல்ல பழக்கமும் கற்றுக்கொடுங்கள். உள்ளங்கையை அவன் மூக்குக்கு நேராக, முழங்கால் உயரத்தில் நீட்டுங்கள். மூக்கால் தொட்டதும் "சபாஷ்", ஒரு துண்டு உணவு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டிரண்டு நிமிடம். கை என்றால் கவ்வுவதற்கு என்று இருப்பது, கை என்றால் மூக்கால் தொடுவதற்கு என்று மாறும்.

உங்கள் கணவருக்கு: தம்பி, நீங்கள் தரையில் புரள்வதை நிறுத்தாமல் மேலே எழுதிய எதுவும் வேலை செய்யாது. ஒரு கையில் கிடைத்து இன்னொரு கையில் கிடைக்காத விளையாட்டை நாய் விடாது, எந்தக் கையில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். விளையாடுங்கள், ஆனால் கயிறு நடுவில் இருக்கட்டும். பல் கையில் பட்ட நொடி விளையாட்டு முடிந்தது, எழுந்து போய்விடுங்கள்.

கடைசியாகத் தூக்கம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பைத்தியம் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடிக் கவ்வுகிறான் என்றால் அது சக்தி மிஞ்சிப்போனதாலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, தூங்காததாலும் வரும். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்துப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தூங்க வேண்டும். பகலில் காலிங் பெல், குக்கர், டிவி என்று விழித்தே இருந்தானா என்று மாமியாரிடம் கேளுங்கள்.

---

ராஜபாளையத்தான் | திங்கள், இரவு 10.05

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். வீட்டில் யார் பெரியவர் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். வாயை இறுக்கிப் பிடித்து, மல்லாக்கப் போட்டு, கண்ணைத் தாழ்த்தும் வரை விடக்கூடாது. இரண்டு தடவை போதும். பிஸ்கட் வீசினால் கவ்வினால்தான் பிஸ்கட் என்று நினைத்துக்கொள்ளும்.

---

மூன்று நாய் வீடு | செவ்வாய், காலை 6.30

ஐயா, உங்கள் பிஸ்கட் கேள்வி நியாயமானது. அதனால்தான் கவ்வுவதற்கு முன்னால், தடுப்பைத் திறந்த நொடியில் வீசச் சொன்னேன். கவ்விய பிறகு வீசினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

மல்லாக்கப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் முதல் நாய்க்கு அதைச் செய்தவன். "யார் பெரியவர்" என்ற கணக்கு ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாதவற்றை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை போடத்தான் செய்யும். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார். கூட்டத்தை அடக்கும் தலைவன் என்ற பொருளில் "ஆல்ஃபா" என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர், அவரே திருத்திக்கொண்டார்.

இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், ஆறு மாதக் கர்ப்பிணி 31 கிலோ நாயை எப்படி மல்லாக்கப் போடுவார்? வேறு யாராவது போட்டு, மனிதக் கை வந்தாலே பயம் என்று அவன் கற்றுக்கொண்டால், நாளைக்குக் குழந்தையின் கை நீளும்போது என்ன செய்வான்? இப்போது அவனிடம் விளையாட்டு மட்டும்தான் இருக்கிறது. அதில் பயத்தைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

---

ராஜபாளையத்தான் | செவ்வாய், காலை 7.15

கர்ப்பிணி செய்யக்கூடிய வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழந்தையின் கை பற்றிச் சொன்னதை நான் யோசிக்கவில்லை.

---

மாடித்தோட்டம் | செவ்வாய், காலை 11.00

நாயின் வாயை விட எனக்குப் பயம் அதன் கால்தான். முதல் மூன்று மாதம் கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும். 20ஆம் வாரத்தில் தொப்புள் வரை ஏறிவிடும், அதற்குப் பிறகு வயிற்றில் படுவது நேராகப் படும். அதோடு மூட்டுகள் தளர்ந்திருக்கும், உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்திருக்கும். முன்பு தாங்கிய இழுப்பை இப்போது தாங்க முடியாது.

எனக்கு 27ஆம் வாரம். மாடிப்படியில் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன், கீழே பூனை ஓடியது. இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தேன். வலி பெரிதாக இல்லை, படுத்தால் சரியாகும் என்று நினைத்தேன். என் அம்மா விடாமல் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனார். என் ரத்தம் நெகட்டிவ் வகை. அந்த வகைத் தாய்க்கு வயிற்றில் அடிபட்டிருந்தால், குழந்தையின் ரத்தத்தை எதிர்க்கும் பொருள் உடம்பில் உருவாகாமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி ஊசி போட வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது அவளுக்கு நாலு வயது.

பிரவுனி எம்பி வயிற்றில் பட்டுவிட்டால், ரத்தமோ நீரோ கசிந்தாலும், வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், வலித்தாலும், அசைவு குறைந்ததுபோல் இருந்தாலும் காத்திருக்காதே. பலமாகப் பட்டிருந்தால் ஒன்றும் தெரியாவிட்டாலும் போய்க் காட்டிவிடு. கார்டில் உன் ரத்த வகையை இன்றைக்கே பார். இனி அவனை வெளியே கூட்டிப் போவது உன் வேலை இல்லை.

---

மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 9.10

கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

வாய் வைக்கிற நாய் என்றால் எச்சில் கையில் படும், கை வாய்க்குப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கிறீர்களா? உருண்டைப் புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்து, நோய் தரும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அன்றன்றைக்கு மலத்தை அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அள்ளுவது கணவர் வேலை. உண்ணி மருந்து பூசுவதும் அவர்தான், காயும் வரை நீங்கள் தொட வேண்டாம்.

எலிக்காய்ச்சலை மறந்துவிடாதீர்கள். மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து நாய்க்கு வரும், நாயின் மூத்திரத்திலிருந்து மனிதருக்கு வரும், கர்ப்பத்தில் அது மோசமானது. வருடாந்திரக் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கார்டில் பாருங்கள். வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தக் கிருமியின் முட்டை பூனையின் மலத்தில்தான் வெளியேறும், நாயின் மலத்தில் அல்ல. நாய் பூனைக் கழிவில் புரண்டு வந்திருந்தால் மட்டும் குளிப்பாட்டிவிட்டுத் தொடுங்கள். வேகாத கறியும் கழுவாத கீரையும் அதைவிடக் கவனிக்க வேண்டியவை.

இன்னொன்று. விளையாட்டுக் கவ்வல் என்றால் உடம்பு தளர்ந்து, வளைந்து, ஆடிக்கொண்டிருக்கும். உடம்பு விறைத்து, கண் ஒரே இடத்தில் நிலைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உறுமினால் அது வேறு. அதற்கு இங்கே யோசனை கேட்காமல் நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள். லாப்ரடாருக்குக் காதில் சீழ் வருவது சகஜம், அந்த வலியில்கூடச் சில நாய்கள் வாயைக் கொண்டுவரும். ஒருமுறை காதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

---

பேரனுக்குக் காத்திருப்பவள் | புதன், காலை 10.20

மகளே, நான் உன் மாமியார் வயதுக்காரி. மூன்று வருடத்துக்கு முன் என் மருமகளிடம் உன் மாமியார் சொன்னதையே நானும் சொன்னேன். நாய் முடி வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது என்றேன். மூச்சில் போகிற முடி கர்ப்பப்பைக்குப் போக வழியே இல்லை என்று அவளுடைய டாக்டரம்மா படம் வரைந்து காட்டியும் எனக்கு மனம் ஆறவில்லை.

உண்மையில் என் பயம் முடி இல்லை. பகல் முழுக்க அந்த நாயோடு வீட்டில் இருப்பது நான். அது எம்பினால் எனக்குத் தடுக்கத் தெரியாது. நாளைக்குக் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு மருமகள் குளிக்கப் போனால் நான் என்ன செய்வேன்? யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. "அத்தைக்கு நாய் பிடிக்காது" என்றே முடித்துவிட்டார்கள்.

ஒருநாள் மருமகள் பொட்டுக்கடலை டப்பா மாதிரி ஒரு சின்ன டப்பாவில் நாய் உணவைப் போட்டு என் இடுப்பில் செருகினாள். "அத்தை, அவன் உட்கார்ந்தா மட்டும் ஒண்ணு போடுங்க, நின்னா போடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பாடம். இரண்டாம் நாள் நான் சமையலறைக்குப் போகும்போதே அது வந்து உட்கார்ந்தது. என் பேச்சை ஒரு ஜீவன் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்தது. உன் மாமியார் கையில் அந்த டப்பாவைக் கொடுத்துப் பார். கெஞ்சிக் கேட்காதே, வேலையாகக் கொடு.

---

பிரவுனி அம்மா | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.30

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில், பல் பட்ட ஒவ்வொரு முறையும் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டோம். முதல் நாள் 14. முதல் வாரம் ஓரளவு குறைந்து 8, 9 என்று வந்தது. இரண்டாவது வாரம் புதன்கிழமை 22. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். கயிற்றைத் துப்பிவிட்டு நேராகக் கையைத் தேடி வந்தான், குரைத்தான், சோபாவில் ஏறிக் குதித்தான். தோற்றுவிட்டோம், செங்கல்பட்டுதான் என்று நினைத்தேன். இங்கே தனி மடலில் கேட்டபோது மூன்று நாய் வீடு அண்ணன் சொன்னது: மிட்டாய் கேட்டு அழுகிற குழந்தை, கிடைக்காது என்று சந்தேகம் வரும்போது இன்னும் சத்தமாக ஒருமுறை அழுது பார்க்கும், அந்த நேரத்தில் கொடுத்துவிட்டால் அவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும். அதனால் இன்னும் நான்கு நாள் மாற்றாமல் இருங்கள் என்றார். இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை 6. நேற்று 2.

கணவர் மூன்றாம் நாளே தரையில் புரள்வதை நிறுத்திவிட்டார். காலண்டரில் அவர் விளையாடிய இரவுக்கு மறுநாள் கோடுகள் கூடியதை அவரே எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்தினார், நான் சொல்லி அல்ல.

அத்தையிடம் டப்பா கொடுத்தேன். மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் நான் வரும்போது டப்பா அவர் இடுப்பில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஹால் திரையை இழுத்துவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, "தூங்குடா" என்கிறார். அவரும் படுத்துக்கொள்கிறார். சாயங்கால ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காதையும் காட்டினோம், இடது காதில் லேசான அழுக்கு, சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

புதுச் சிக்கல் ஒன்று. அடுத்த மாதம் வளைகாப்பு. அத்தை போன வாரம் அளவு பார்க்க ஒரு டஜன் கண்ணாடி வளையலை என் கையில் ஏற்றினார். அந்தச் சத்தம் கேட்டதும் பிரவுனியின் காது நிமிர்ந்தது, வந்து வளையலோடு சேர்த்துக் கவ்வினான். இரண்டு உடைந்தது. யார் மேலும் கிழிக்கவில்லை, அவன் வாயிலும் படவில்லை. ஆனால் இரண்டு கை நிறைய வளையலோடு நான் வீட்டில் எப்படி நடமாடுவது?

---

மாடித்தோட்டம் | சனி, மாலை 6.40

இன்றைக்கே ஆரம்பித்துவிடு. பழைய வளையல்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டு. கணவர் அடுத்த அறையில் நின்று ஒரே ஒருமுறை மெல்லக் குலுக்கட்டும், குலுக்கியதும் நீ தரையில் உணவு போடு. சத்தம் முதலில், சாப்பாடு பின்னால், அந்த வரிசை மாறக்கூடாது. பத்து நாளில் சத்தம் கேட்டால் தரையைப் பார்க்க ஆரம்பிப்பான். அப்புறம் பையை நெருங்கக் கொண்டுவா, கடைசியில் கையில் இரண்டே இரண்டு வளையல்.

விழா அன்று மட்டும் இதை நம்பாதே. ஐம்பது பேர், பூ வாசனை, ஏழு வகைச் சோறு, பட்டுப்புடவை முந்தானை. எந்த நாயும் தாங்காது. அவனை அன்றைக்கு வேறு வீட்டில் விடு.

---

கைவிட்டவள் என்று சொல்லாதீர்கள் | சனி, இரவு 11.30

இந்த இழையை முதல் நாளிலிருந்து படிக்கிறேன். என் அனுபவம் வேறு. என் நாய்க்கு நான்கு வயது, ஏற்கனவே ஒருமுறை தூங்கும்போது தொட்ட உறவுக்காரப் பையனைக் கடித்திருந்தான். எங்களுக்கு வாடகைக்கு இருந்தது ஒரே அறை வீடு, தடுப்பு வைக்க இடமில்லை. கணவர் வெளியூரில் வேலை. எட்டாம் மாதத்தில் அவனை என் அண்ணன் வீட்டில் விட்டேன். அண்ணனுக்குக் குழந்தைகள் இல்லை, அவன் குட்டியிலிருந்தே அண்ணனோடு பழகியவன். சாலையில் விடவில்லை, தெரியாதவரிடம் கொடுக்கவில்லை. இன்னும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

பிரவுனிக்கு அந்த நிலை வரவில்லை, சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வந்தால், அது பாவம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

---

மூன்று நாய் வீடு | ஞாயிறு, காலை 6.10

சொல்ல மாட்டோம் அம்மா. கடித்த வரலாறும் ஒரே அறையும் சேர்ந்தால் நானும் அதையே செய்திருப்பேன். தெரிந்த மனிதரிடம், தெரிந்த வீட்டில் விட்டது நல்ல முடிவு. எங்கோ தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதும் அதுவும் ஒன்றல்ல.

---

பிரவுனி அம்மா | ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.00

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பிரவுனி அன்று காலையிலிருந்து கணவரின் நண்பர் வீட்டில், அவனுடைய பழைய போர்வையோடு இருந்தான். மறுநாள் திரும்பி வந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையிலும் வளையல். கையை அசைத்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. என்னைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். அத்தைதான் இடுப்பு டப்பாவைத் திறந்து, "பாவம், போடும்மா" என்று ஒரு கைப்பிடி என் கையில் கொடுத்தார்.

காலண்டரில் இந்த மாதம் மொத்தம் 5 கோடு. இரண்டு, வெளியூரிலிருந்து வந்த என் சித்தப்பா கையை நீட்டி விளையாடியதால். வருகிற விருந்தாளிகளுக்கு அத்தையே வாசலில் சொல்லிவிடுகிறார்: முதலில் உட்காருங்கள், பிறகு தொடுங்கள்.

34ஆம் வாரம் முடிந்ததும் தஞ்சாவூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். மூன்று மாதம் என்னைப் பார்க்காமல் இருந்துவிட்டு, குழந்தையோடு வரும்போது பழையபடி ஆகிவிடுவானா என்பதுதான் இப்போதைய கவலை.

---

கோவைக்காரி | வெள்ளி, இரவு 8.45

முதல் நாள் வேகம் கொஞ்சம் இருக்கும், அதை எதிர்பார்த்தே வா. நீ முதலில் தனியாக உள்ளே போய் அவனைப் பார், குழந்தை உன் அம்மாவோடு காரிலேயே இருக்கட்டும். உன்னோடு அவன் குதித்து ஓய்ந்த பிறகு, கணவர் கயிற்றைப் பிடித்திருக்க, குழந்தை வரட்டும். பிறந்த வாரத்திலேயே குழந்தை சுற்றியிருந்த துணி ஒன்றைக் கணவரிடம் கொடுத்தனுப்பு, அவன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை அழும் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, முதலில் மிக மெதுவாகப் போட்டு, உணவோடு கேட்கப் பழக்கச் சொல். அப்புறம் ஒன்று: எவ்வளவு சாதுவானாலும், அவனையும் குழந்தையையும் தனியாக ஒரு நிமிடம்கூட ஒரே அறையில் விடாதே. அரைக்கதவு இருக்கிறதல்லவா, அது அடுத்த மூன்று வருடத்துக்குக் கழற்ற வேண்டாம்.

---

பிரவுனி அம்மா | இரண்டு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 7.10

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். கணவர் தினமும் ஆறரைக்கு வீடியோ அனுப்புகிறார். இன்றைய வீடியோவில் கதவு திறக்கிறது, பிரவுனி தானாகவே ஆணிக்குக் கீழே போய் நின்று மேலே பார்க்கிறான். கயிறு வாய்க்கு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஹாலை மூன்று சுற்று சுற்றி, கடைசியில் அத்தையின் நாற்காலிக்கு முன்னால் உட்காருகிறான். அத்தை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.

---

ராஜபாளையத்தான் | செவ்வாய், இரவு 9.00

அம்மா, அந்தக் கயிறு எத்தனை அடி? என் தங்கைக்கு மூன்றாம் மாதம். வீட்டில் எட்டு மாதக் குட்டி இருக்கிறான்.

---

பிரவுனி அம்மா | செவ்வாய், இரவு 9.12

ஒன்றரை அடி அண்ணா, பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் முடிச்சு. நூல் பிரிய ஆரம்பித்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். தங்கையை இங்கேயே எழுதச் சொல்லுங்கள்.